காகிதம் இல்லாத படகுகள்

(சுங்குவார்சத்திரத்தில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



'நீர்நிலைகளும் தலித் மக்களும்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நோட்டீசிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. ஆனா நான் பேசப்போறது ஹவுஸ்போட்டைப் பத்தி. லைசென்ஸ் இல்லாத ஹவுஸ்போட்டு. சிரிக்கிறீங்க, சிரிங்க. சுங்குவார்சத்திரத்துல படகு ஏது? இங்க தண்ணியில போறதுன்னா மழைக்காலத்துல கம்பெனி பஸ்ஸுதான்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இங்கிருந்து திருவள்ளூர் ரோட்டில் போனால் மப்பேடு. அதைத் தாண்டி உள்ளே போனால் கூவம் என்று ஒரு கிராமமே இருக்கிறது. சென்னையில் மூக்கைப் பொத்திக்கிட்டுத் தாண்டுகிறார்களே, அந்தக் கூவம்தான். இந்தப் பக்கம் மணிமங்கலத்துக்குப் பக்கத்தில் மலைப்பட்டு ஏரி. அடையாறு அங்கிருந்து தொடங்குகிறது என்று பொதுப்பணித்துறைக்காரர்கள் சொல்வார்கள். ஆக, சென்னையின் ரெண்டு ஆறும் நம்ம பக்கத்து ஏரித் தண்ணிதான். தண்ணி இங்கிருந்து போகுது. அது போய்ச் சேர்ற கரையில யார் இருக்கலாம், யார் இருக்கக்கூடாதுங்கறதுதான் பேச்சு. அதுக்கு நான் ஆலப்புழை வழியா சுத்தி வரப்போறேன். கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

போன வருஷம் எங்க காலனிப் பிள்ளைங்க பன்னிரண்டு பேரு ஆலப்புழைக்குக் கிளம்பினாங்க. எல்லாம் ஒப்பந்தத் தொழிலாளிங்க. ஒரகடத்துல, ஸ்ரீபெரும்புதூர்ல ஷிப்டு பாக்கறவங்க. தீபாவளிக்கு வந்த காசைப் போட்டு ஒரு ராத்திரி ஹவுஸ்போட்டுல தங்கணும்னு ஆசை. "அண்ணா, நீங்களும் வாங்க"ன்னாங்க. போனேன். நான் ஒண்ணும் பெரிய கொள்கையோட போகலை. மீன் நல்லாருக்கும்னுதான் போனேன்.

புன்னமடைக் காயலில் படகு ஏறினோம். மூணு ரூம், ஏசி, மேலே மாடி. ஓட்டறவரு ஒரு பெரியவரு, சமைக்க ஒருத்தர், எடுபிடிக்கு ஒரு பையன். ஏறும்போதே கவனிச்சேன். பக்கவாட்டுல எழுதியிருந்த நம்பர்ல கடைசி ரெண்டு எழுத்து மட்டும் புதுப் பெயிண்ட்டு. மத்தது பழசு. நமக்குத்தான் தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து காகிதத்தைப் பாக்கற புத்தி ஒட்டிக்கிச்சே. பெரியவர்கிட்ட, "படகுக்கு லைசென்ஸ் இருக்கா?"ன்னு கேட்டேன். அவரு சிரிச்சிக்கிட்டே, பாதித் தமிழ் பாதி மலையாளத்துல, "சேட்டா, காகிதம் கரையில இருக்கும், படகு வெள்ளத்துல இருக்கும். ரெண்டும் சந்திக்கிற நாள்ல பாத்துக்கலாம்"னாரு. பிள்ளைங்க கைதட்டினாங்க. நானும் சிரிச்சேன்.

அந்தக் காகிதம் என்னன்னு பிற்பாடு தேடிப் படிச்சேன். உள்நாட்டு நீர்வழிக் கலங்களுக்கு வெள்ளைக்காரன் 1917ல போட்ட சட்டம் ஒண்ணு இருந்தது. நூறு வருஷம் கழிச்சு, 2021ல் புதுச்சட்டம் வந்தது. கேரளத்துல 2010ல் இதற்கென்று தனி விதிகள் செய்தார்கள். அதன்படி ஒரு ஹவுஸ்போட்டுக்குப் பதிவு வேணும். வருஷா வருஷம் சோதனை போட்டு ஓடத் தகுதியானதுதான்னு சான்று வேணும். ஓட்டுகிறவருக்குத் தனி லைசென்ஸ், எத்தனை பேரை ஏத்தலாம்னு கணக்கு, ஆள் எண்ணிக்கைக்கு லைஃப் ஜாக்கெட், தீயணைக்கிற கருவி, இன்சூரன்ஸ், கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல். காகிதத்துல குறை ஒண்ணும் இல்ல. ஆனா ஒரே பதிவு எண்ணை ரெண்டு மூணு படகில் எழுதி ஓட்டுகிறார்கள் என்று கேரளப் பத்திரிகைகளே பலமுறை எழுதியாச்சு. 2020 ஜனவரியில் பாதிராமணல் தீவுக்குப் பக்கத்தில் ஒரு ஹவுஸ்போட் தீப்பிடித்து எரிந்தது. பயணிகள் தண்ணியில குதிச்சுத் தப்பிச்சாங்க. விசாரிச்சா, லைசென்ஸ் முடிஞ்சு பல வருஷம் ஆன படகு. இப்படிச் சிக்கினால் என்ன நடக்கும்? நோட்டீஸ். அபராதம். அவகாசம். அப்புறம் 'முறைப்படுத்துதல்'. இந்த வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க. முறைப்படுத்துதல். நம்ம பக்கம் இந்த வார்த்தை எங்க வருது, எங்க வராதுன்னு பின்னாடி சொல்றேன்.

சாயந்திரம் அஞ்சரை மணிக்கு மேல படகு ஓடக்கூடாது. மீன்பிடிக்கிறவங்க வலை போடற நேரம். அதனால எல்லாப் படகையும் எங்கயாவது கரையில கட்டணும். முறையா கட்டற துறை இருக்கு, அங்க இடம் கிடையாது, காசும் கேட்பாங்க. எங்க பெரியவரு என்ன பண்ணாரு, வயலுக்கும் காயலுக்கும் நடுவுல இருக்கற வரப்புல கொண்டுபோய்ச் சேர்த்து, ஒரு தென்னமரத்துல கயித்தைப் போட்டு இறுக்கிட்டாரு. பக்கத்துல இன்னும் நாலு படகு. எல்லாம் வரிசையா.

அது வெறும் வரப்பு இல்லை தோழர்களே. அது ஒரு தெரு. ஆறேழு அடி அகலத்துக்கு மண் மேடு. இந்தப் பக்கம் காயல், அந்தப் பக்கம் தண்ணி மட்டத்துக்கும் கீழே கிடக்கிற நெல்வயல். நடுவுல சின்னச் சின்ன வீடுங்க. நாங்க கயிறு கட்டின தென்னைக்கு நேரா ஒரு வீடு. அந்த வீட்டுப் பொம்பளை சட்டிபானையை எடுத்துக்கிட்டு கரைக்கு வந்தது. கழுவ இடம் இல்ல. எங்க படகு அடைச்சுக்கிட்டு நிக்குது. ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம, நாலு படகையும் தாண்டித் தள்ளிப்போய் கழுவிட்டு வந்தது. திரும்பி வரும்போது எங்க பையன் ஒருத்தன் மாடியில நின்னு செல்போன்ல பாட்டு வச்சு ஆடிக்கிட்டிருக்கான். அந்தம்மா முகத்துல இருந்ததை நான் எங்கயோ பாத்திருக்கேன். எங்கன்னு உடனே பிடிபடலை. ராத்திரி ஜெனரேட்டர் ஓடிக்கிட்டே இருந்தது. எனக்குத் தூக்கம் வரலை. ரெண்டு மணி வாக்குல பிடிபட்டது. அது எங்கம்மா முகம்.

எங்க ஊர்ல ஏரிக்கரையை ஒட்டி ஒரு துறை இருந்தது. சேரிக்காரங்க தண்ணி எடுக்கறது, துணி துவைக்கறது எல்லாம் அங்கதான். ஊர்க்கிணத்துல நமக்கு எங்க இடம்? ஒருநாள் ஏரியில மண் எடுக்கற லாரிங்க வந்து வரிசையா அங்கயே நிக்க ஆரம்பிச்சது. பர்மிட் இருக்கான்னு கேக்க எங்களுக்கு வாய் இல்ல. எங்கம்மா குடத்தோட நின்னு பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம, சுத்திக்கிட்டுப் போச்சு. எனக்கு அப்ப பத்து வயசு இருக்கும். நாப்பது வருஷம் கழிச்சு, அந்த லாரியில நானே உக்காந்துக்கிட்டு இருக்கேன்.

விடிஞ்சதும் இறங்கிப் போய் அந்தச் சேச்சிகிட்ட மன்னிப்பு மாதிரி ஏதோ சொன்னேன். அது பெரிசா எடுத்துக்கலை. "நீங்க ஒரு ராத்திரி. தினமும் ஒருத்தர் வராங்க"ன்னுது. யாரு என்னன்னு பேச்சு வந்தப்போ, அவங்க புலையர் சமூகம். தாத்தா காலத்துல இந்த வரப்புக்கு மண் போட்டவங்களாம்.

இங்க கொஞ்சம் நின்னு பேசணும். குட்டநாடுன்னு சொல்ற அந்த நிலம் இயற்கையா வந்த நிலம் இல்ல. கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையற பூமி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வேம்பநாட்டுக் காயலைத் தூர்த்துத் தூர்த்து நிலமாக்கினார்கள். 1940களில் சித்திரா, மார்த்தாண்டம், ராணி என்று ராஜகுடும்பத்துப் பேரு வச்சு மூணு காயல்நிலம் உண்டாக்கினார்கள். முதலாளி பேரு வரலாற்றுல இருக்கு, மகாராஜா பேரு நிலத்துல இருக்கு. வேலை செஞ்சவன் பேரு எங்க இருக்கு? தண்ணிக்குள்ள மரத்தை வரிசையா அறைஞ்சு, நடுவுல மூங்கில் தட்டி கட்டி, காயலுக்கு அடியில முங்கிப் போய் கையால சேத்தை அள்ளி மேலே கொண்டாந்து கொட்டி அணை கட்டினது புலையரும் பறையரும். மூச்சுப் பிடிச்சு முங்கினவன் எத்தனை பேரு மேல வரலைன்னு எந்த ரிஜிஸ்டர்லயும் இல்ல. மடை உடைஞ்சு நிக்காமப் போனா ஒரு புலையனை உள்ளே வச்சு மூடிக் கட்டினாங்கன்னு வாய்மொழிக் கதைங்க அங்க இன்னைக்கும் உண்டு. கதையா, நடந்ததான்னு நான் தீர்ப்புச் சொல்ல வரலை. இப்படி ஒரு கதை ஏன் அந்த மக்கள்கிட்டயே தங்கியிருக்குங்கறதுதான் எனக்கு முக்கியம்.

விளைஞ்ச நெல்லைக் கொண்டுபோனதுதான் கெட்டுவள்ளம். ஆஞ்சிலிப் பலகையைக் கயித்தால தச்சு, ஆணியே இல்லாம செஞ்ச பெரிய சரக்குப் படகு. லாரி வந்தது, பாலம் வந்தது, வள்ளம் கரையேறிடுச்சு. 1990களில் அதுக்கு மேலே கூரையைப் போட்டு, கட்டிலைப் போட்டு, டூரிஸ்டுக்கு வாடகைக்கு விட ஆரம்பிச்சாங்க. இப்ப அதுதான் கேரளத்தோட விளம்பரப் படம். சேத்தை அள்ளினவன் பேரப்பிள்ளை அதே படகுல கூலிக்குக் கழி போடறான். அவன் பெண்டாட்டிக்குச் சட்டி கழுவ இடம் இல்ல.

கேரளத்துல நிலச்சீர்திருத்தம் நடந்ததேன்னு கேப்பீங்க. நடந்தது. 1970ல் குத்தகைக்கு உழுதவனுக்கு நிலம் கிடைச்சது. குத்தகை யார்கிட்ட இருந்தது? இடைநிலைச் சாதிக்காரன்கிட்ட. வயல்ல இறங்கி வேலை செஞ்ச தலித்துக்குக் கிடைச்சது குடிகிடப்பு. குடிசை இருக்கற இடம், அவ்வளவுதான். பஞ்சாயத்துல 10 சென்ட், முனிசிபாலிட்டியில 5, கார்ப்பரேஷன்ல 3. செத்தா அடுப்படியைத் தோண்டிப் புதைக்கவேண்டிய நிலைமையில குடும்பங்கள் இருக்குதுன்னா, அது இந்த சென்ட் கணக்குல தொடங்குது. இடதுசாரித் தோழர்கள் கோவிச்சுக்கக்கூடாது. உழுதவனுக்கே நிலம்னு சொல்லும்போது 'உழுதவன்' யாருன்னு சாதி தீர்மானிச்சிருக்கு.

சரி, இப்ப 'முறைப்படுத்துதல்'ங்கற வார்த்தைக்கு வர்றேன்.

அதே வேம்பநாட்டுக் காயலில் நெடியதுருத்துன்னு ஒரு தீவு. அங்கே கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறி காபிகோன்னு ஒரு ஆடம்பர ரிசார்ட் கட்டினாங்க. மீனவங்க வலை போடற இடத்தை அடைச்சுக் கட்டினாங்க. மீனவங்கதான் கோர்ட்டுக்குப் போனாங்க. 2013ல் கேரள உயர்நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. அப்பீல். 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இடிக்கச் சொன்னது. இடிக்கக் கை வச்சது 2022 செப்டம்பரில். ஒன்பது வருஷம். நான் குறையாச் சொல்லலை, கடைசியில இடிச்சாங்களே, பெரிய விஷயம். மீனவர்களுக்கு என் வணக்கம். நான் ஒன்பது வருஷத்தைத்தான் பாக்கறேன்.

இப்ப நம்ம ஆத்தங்கரைக்கு வாங்க. 2015 டிசம்பர் 1. செம்பரம்பாக்கத்துல வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டாங்க. அடையாறு ஊருக்குள்ள வந்தது. செத்தது எத்தனை, போனது எத்தனைன்னு உங்களுக்குத் தெரியும். தண்ணி வடிஞ்சதும் முதல்ல என்ன சொன்னாங்க? "ஆத்தங்கரை ஆக்கிரமிப்புதான் காரணம்." யாரு ஆக்கிரமிப்பு? ஆத்துப் படுகையில எழும்பின பெரிய பெரிய கட்டடமா? இல்ல. சைதாப்பேட்டையிலயும் கோட்டூர்புரத்துலயும் கரையில ஒண்டிக்கிட்டிருந்த குடிசைங்க. அள்ளிக்கொண்டுபோய் பெரும்பாக்கத்துல எட்டு மாடியில அடுக்கினாங்க. அதுக்கு முன்னால 2000லிருந்து கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி. நகரத்தைக் கழுவின ஜனம், சாக்கடை அடைப்பு எடுத்த ஜனம், வீட்டுவேலை பார்த்த ஜனம். இருபது கிலோமீட்டருக்கு அப்பால. வேடிக்கை என்னன்னா, அந்தப் பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் சதுப்பு நிலத்துப் பக்கம். மழை வந்தா அங்கயும் தண்ணிதான். ஆத்தங்கரையில வெள்ளம் வருதுன்னு தூக்கிக்கொண்டுபோய் வெள்ளத்துலயே வச்சாங்க.

2021 ஜூலையில் அரும்பாக்கத்துல கூவக்கரை வீடுங்களை இடிச்சாங்க. 2022 மே மாசம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகர்ல, பக்கிங்காம் கால்வாய் ஓரத்துல, இடிச்சுக்கிட்டு இருக்கும்போதே ஒரு பெரியவர் தீக்குளிச்சுச் செத்தார். பக்கிங்காம் கால்வாய்! 1877-78 பஞ்சத்துல கூழுக்கு வேலை செஞ்ச ஜனம் வெட்டின கால்வாய் அது. அதுல ஒரு காலத்துல உப்பும் விறகும் ஏத்திக்கிட்டுப் படகு போச்சு, படகுக்காரன் படகுலயே சமைச்சுப் படுத்தான். அன்னைக்குக் கரையில கட்டின படகு ஆக்கிரமிப்பு இல்ல, இன்னைக்குக் கட்டின குடிசை ஆக்கிரமிப்பு.

2007ல் தமிழ்நாட்டுல ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் ஒரு சட்டம் போட்டாங்க. நல்ல சட்டம். எனக்கும் ஏரி வேணும், எங்க ஜனத்துக்கும் ஏரி வேணும். ஆனா சேரி ஏன் ஏரிக்கரையில இருக்குதுன்னு அந்தச் சட்டம் கேக்காது. நாங்களா ஆசைப்பட்டுப் போனோம்? ஊர் மேட்டுல இருந்துக்கிட்டு எங்களைப் பள்ளத்துல வச்சது. செத்த மாட்டைப் போடற இடம், மடை காக்கற இடம், ராத்திரி மதகு திறக்கக் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர இடம். தீட்டுக்கு ஒதுக்கின இடத்துக்கு இப்ப 'நீர்நிலைப் புறம்போக்கு'ன்னு பேரு. சாதி எங்களை எங்க வச்சதோ, அங்க இருக்கறதே சட்டத்துக்குக் குற்றமாயிடுச்சு. அவகாசம், அபராதம், முறைப்படுத்துதல் எல்லாம் படகுக்கு. நமக்கு ஒரே வார்த்தை: அகற்றுதல்.

(கூட்டத்திலிருந்து ஒரு மாணவர்: "அப்போ லைசென்ஸே வேண்டாம்னு சொல்றீங்களா தோழர்?")

நல்ல கேள்வி தம்பி. இல்ல. லைசென்ஸ் வேணும். கட்டாயம் வேணும். 2009 செப்டம்பர் 30, தேக்கடியில ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் செத்தாங்க. அது அரசாங்கக் கழகத்துப் படகு. அதுல நம்ம தமிழ்நாட்டுக்காரங்களும் இருந்தாங்க. 2023 மே 7, தானூர்ல ஒரு மீன்பிடிப் படகையே மாத்தி உல்லாசப் படகாக்கி, அளவுக்கு மேல ஏத்தி, சாயந்திரம் இருட்டினப்புறம் ஓட்டி, 22 பேர் செத்தாங்க. பெரும்பாலும் குழந்தைங்க, பெண்கள். ஒரே குடும்பத்துல பலர். காகிதம் இல்லாத படகு யாரை முழுகடிக்குதுன்னா ஏழையைத்தான். எங்க படகுல பன்னிரண்டு பிள்ளைங்க இருந்தாங்களே, பன்னிரண்டு பேருக்கும் லைஃப் ஜாக்கெட் இருந்ததான்னு நான் எண்ணலை. நம்பர் பெயிண்ட்டைப் பாத்தேன், ஜாக்கெட்டை எண்ணலை. அந்தப் பெரியவர் சொன்னதுக்குச் சிரிச்சேன் பாருங்க, அது தப்பு. அவரை நான் குத்தம் சொல்லலை, அவரு கூலிக்கு ஓட்டறவரு. முதலாளி கொச்சியில இருக்காரோ துபாயில இருக்காரோ.

இன்னொண்ணு. அந்தப் படகுல கழிப்பறைத் தொட்டி இருக்கு. அதை யாரு காலி பண்றது? பையன்கிட்ட கேட்டேன், பதிலே சொல்லலை. காயல்ல விடறதும் உண்டு. விடாம ஒழுங்கா எடுத்தா அதுக்கு ஒரு ஆளு வேணும். அந்த ஆளு எந்தத் தெருவிலிருந்து வருவான்னு நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல. 2022 அக்டோபர்ல இதே ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு தனியார் விடுதியில மலக்குழிக்குள்ள மூணு பேரு செத்தாங்க. தண்ணியில மிதக்கற விடுதியானாலும் தரையில நிக்கற விடுதியானாலும் வசதியோட அடிப்பக்கத்துல ஒருத்தன் இருக்கான்.

அதனால லைசென்ஸ் வேணாம்னு நான் சொல்லலை. காகிதம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யலைங்கறேன். நம்மகிட்ட காகிதம் இல்லாததுதான் பிரச்சினைன்னு பல தோழர்கள் நினைக்கறாங்க. இல்ல. நம்மகிட்ட காகிதம் இருந்தது.

1891ல் செங்கல்பட்டு கலெக்டரா இருந்த டிரெமென்ஹீர் நம்ம ஜனத்தைப் பத்தி ஒரு அறிக்கை எழுதினார். அன்னைக்கு இந்த சுங்குவார்சத்திரமும் செங்கல்பட்டு ஜில்லாதான். நம்ம தாத்தன் பாட்டனைப் பாத்து எழுதின அறிக்கை அது. அதை வச்சு 1892ல் அரசாணை வந்தது. மாகாணம் முழுக்கப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர்னு கணக்குச் சொல்றோமே, அந்தப் பஞ்சமி நிலம். பத்து வருஷத்துக்கு விக்கக்கூடாது, அப்புறமும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விக்கலாம். மீறினா அரசாங்கம் திரும்ப எடுத்துக்கலாம். இதைவிடக் கெட்டியான காகிதம் எந்தப் படகுக்கு இருக்கு? அந்த நிலம் எங்க? நம்ம பேர்ல இருந்த காகிதத்தைத் தாண்டி மத்தவன் உக்காந்திருக்கான், அவனுக்குப் பட்டாவும் கிடைச்சிருக்கு. 1994 அக்டோபர் 10ஆம் தேதி, காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டு செங்கல்பட்டுல போராடினப்ப, போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தாங்க. காகிதம் இல்லாத படகு மிதக்குது, காகிதம் இருந்த நிலம் முழுகிப்போச்சு. நான் ஆலப்புழையிலிருந்து கொண்டுவந்த கணக்கு இவ்வளவுதான்.

பக்கத்துலயே பாருங்க. 2024 செப்டம்பர் 9ஆம் தேதி இங்க சாம்சங் தொழிலாளிங்க வேலைநிறுத்தத்துல உக்காந்தாங்க. 37 நாள். பந்தலைப் போலீஸ் பிரிச்சது, வெயில்ல மழையில உக்காந்தாங்க. முதல் கோரிக்கை சம்பளம்கூட இல்ல, சங்கத்தைப் பதிவு பண்ணுங்கறதுதான். ஒரு ரிஜிஸ்டர் நம்பர். கோர்ட் வரைக்கும் போய், 2025 ஜனவரி கடைசியிலதான் அந்த நம்பர் வந்தது. படகுக்காரன் ஒரு நம்பரை மூணு படகுல எழுதிக்கறான். தொழிலாளிக்கு ஒரு நம்பர் கிடைக்க ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு. அந்தப் பந்தல்ல நம்ம காலனிப் பிள்ளைங்களும் இருந்தாங்க. சங்கத்துக்குள்ள சாதியைப் பத்திப் பேசறதுக்கு ஒரு நம்பர் எப்ப கிடைக்கும்னு என்கிட்ட கேட்டாங்க. அதைத் தனியா ஒரு கூட்டம் போட்டுப் பேசலாம்.

நேரம் ஆயிடுச்சுன்னு தலைவர் கையைக் காட்றாரு. ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டு முடிச்சுக்கறேன். இதுவும் படகு சமாச்சாரம்தான்.

1913. கொச்சி சமஸ்தானம். புலையர்கள் கூட்டம் போடணும், சங்கம் வைக்கணும். எங்க போடறது? எறணாகுளத்து ரோட்டுல நடக்கவே விடமாட்டான். ராஜாவோட மண்ணுல கூடக்கூடாது. பள்ளிக்கூடத்துல, மைதானத்துல, எங்கயும் இடம் கிடையாது. அப்ப பண்டிட் கருப்பன்னு ஒரு கவிஞர், மீனவச் சமூகத்துல பிறந்தவர், கிருஷ்ணாதி ஆசான் மாதிரி புலையர் தலைவர்களோட சேர்ந்து யோசிச்சாங்க. மண்ணுலதானே கூடக்கூடாது? தண்ணியில கூடக்கூடாதுன்னு ஆணை இல்லையே. வள்ளங்களைக் கொண்டாந்து காயல்ல நிறுத்தி, ஒண்ணோட ஒண்ணு கயித்தால கட்டி, மேலே பலகையைப் போட்டாங்க. அதுமேல கூட்டம் நடந்தது. காயல் சம்மேளனம்னு அதுக்குப் பேரு. அதை ஒட்டின காலத்துல எறணாகுளத்துல ஒரு விவசாயக் கண்காட்சி நடந்தது. விளைச்சலை எல்லாம் உள்ளே அடுக்கி வச்சிருக்கு, விளைவிச்ச புலையன் உள்ளே வரக்கூடாது. கருப்பன் அதைத் திவான்கிட்ட சொன்னாரு. அப்புறந்தான் உள்ளே விட்டாங்க.

யோசிச்சுப் பாருங்க, அன்னைக்கு அந்தக் காயல்ல கட்டி நிறுத்தின படகுகளுக்கு யார்கிட்ட அனுமதி இருந்தது? நம்ம வரலாற்றுல சட்டவிரோதமாக் கட்டின படகுன்னா எனக்கு அதுதான் ஞாபகம் வருது. காயலோரத்துல, அந்தக் குடும்பத்துல, 1912ல் பிறந்த குழந்தைதான் தாட்சாயணி வேலாயுதன். பிற்பாடு அரசியல் நிர்ணய சபையில உக்காந்த ஒரே தலித் பெண். தன் வரலாற்றுக்கு அவங்க வச்ச தலைப்பு 'கடலுக்குச் சாதியில்லை'. கடலுக்கு இல்லாம இருக்கலாம். கரைக்கு இருக்கு.

அந்தச் சேச்சி வீட்டு முன்னால இன்னைக்கு ராத்திரியும் ஒரு படகு கட்டியிருப்பாங்க. அதுக்கு இங்கிருந்து என்னால ஒண்ணும் செய்ய முடியாது. போற பிள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்லலாம். படகு ஏறும்போது நம்பரைக் கேளுங்க, ஜாக்கெட்டை எண்ணுங்க, சாயந்திரம் வீட்டு வாசல்ல கட்டாம துறையில கட்டுன்னு சொல்லுங்க. கூட ஐநூறு ஆகும். கொடுங்க.

இங்க செய்யக்கூடியது இருக்கு. நம்ம சுத்துவட்டாரத்துல எந்தெந்த ஊர்ல பஞ்சமி நிலம் எவ்வளவு, எந்த சர்வே எண், இப்ப யார் பேர்ல இருக்குன்னு ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீசுல கேக்கப்போறோம். அ-பதிவேடு நகல் கேக்கணும். ஏரிப் புறம்போக்குல குடிசை தவிர வேற யார் யார் உக்காந்திருக்காங்கன்னு பட்டியலும் கேக்கணும். கம்பெனி மதில் சுவர் உட்பட. தகவல் உரிமைச் சட்டம் 2005, மனுவுக்குப் பத்து ரூபா கோர்ட் பீ ஸ்டாம்ப். ஊருக்கு ஒரு மனுன்னு வச்சிருக்கோம். பதினெட்டு ஊரு எழுதியாச்சு, இன்னும் நிறைய ஊரு பாக்கி. ஷிப்டு இல்லாதவங்க திங்கட்கிழமை காலைல பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க. கையெழுத்து தெளிவா எழுதறவங்க ரெண்டு பேரு வேணும். பின்னாடி உக்காந்திருக்கற அந்தக் கல்லூரிப் பொண்ணு நோட்டுல எழுதிக்கிட்டே இருக்குது, நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். நீ வரியாம்மா?